சிட்னி லூனா பார்க்கின் வேடிக்கை வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

சிட்னி துறைமுகப் பாலத்தின் வடகரையில், மில்சன்ஸ் பாயின்ட் என்ற இடத்தில், வாயைத் திறந்து சிரிக்கும் பெரிய முகம் ஒன்று உண்டு. அதுதான் லூனா பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவின் வாசல். அதற்குள் இருக்கும் 'கோனி ஐலண்ட்' என்ற வேடிக்கை வீட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பாலத்தைக் கட்டிய டோர்மன் லாங் நிறுவனத்தின் பட்டறைகள் இருந்த நிலம் அது. 1932இல் பாலம் திறந்தது, நிலம் காலியானது. தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளெனெல்க் கடற்கரையில் 1930இல் தொடங்கிய லூனா பார்க், அங்கே உள்ளூராட்சியோடு ஒத்துப்போகாமல், ராட்டினங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு இங்கே வந்தது. 1935 அக்டோபரில் சிட்னியில் கதவு திறந்தது.

ராட்டினம் நம்மைச் சுமந்துபோகும். வேடிக்கை வீட்டில் அப்படியல்ல, நம் உடம்புதான் ஈடுகொடுக்க வேண்டும். 'ஜாய் வீல்' என்ற வட்டப் பலகையைப் பாருங்கள். வழவழப்பான மரம், பிடிமானம் கிடையாது. எல்லோரும் உட்கார்ந்ததும் சுழலத் தொடங்கும். உராய்வுக் கெழு, அதாவது பலகை நம்மை வழுக்கவிடாமல் எவ்வளவு பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண், 0.3 என்று கொள்வோம். நிமிடத்துக்கு 12 சுற்று வந்தால், நடுவிலிருந்து 1.86 மீட்டருக்கு அப்பால் இருப்பவர் வழுக்கிவிடுவார். 20 சுற்றானால் 67 சென்டிமீட்டர்தான் எல்லை. எடை கணக்கில் வராது. குண்டானவரும் ஒல்லியானவரும் ஒன்றே. அதனால் நட்டநடுவைப் பிடித்தவருக்கே வெற்றி. ஆனால் முதுகைச் சற்றுச் சாய்த்தாலும் எடைமையம் விலகும், அவரும் போய்விடுவார்.

உருளும் பீப்பாய்க்குள் நேராக நடக்கப் பார்ப்பவர் விழுவார். தரை பக்கவாட்டில் நகர்ந்து காலை மேலேற்றிவிடும். பீப்பாய் சுழலும் திசைக்கு எதிராக, சிறுசிறு அடிகளாக, சாய்வாக நடக்க வேண்டும். நின்றால் போச்சு.

இத்தகைய வீடுகள் பெரும்பாலும் மரம். நெருப்புதான் அவற்றின் எமன். இங்கிலாந்தின் பிளாக்பூல் பிளெஷர் பீச் என்ற கேளிக்கைப் பூங்காவில் 1934இல் கட்டிய வேடிக்கை வீடு 1991இல் எரிந்துபோனது. சிட்னியிலோ 1979 ஜூன் 9 இரவு, இதே பூங்காவின் 'கோஸ்ட் டிரெய்ன்' என்ற பேய் ரயில் பற்றியெரிந்து ஏழு பேர் இறந்தார்கள்; ஆறு பேர் பிள்ளைகள். பூங்கா மூடப்பட்டது. பிறகு பழைய ராட்டினங்கள் பல அகற்றப்பட்டன. கோனி ஐலண்ட் தப்பியதற்குப் பூங்காவைக் காக்கப் போராடிய ஓவியர்களுக்கும் பொதுமக்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். 2010இல் லூனா பார்க் மாநிலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

கோனி ஐலண்டின் உயரமான மரச் சறுக்குகள் இன்றும் ஓடுகின்றன. சாக்கை விரித்து அதன்மேல்தான் உட்கார வேண்டும். வெறுந்தோல் மரத்தில் உரசினால் தீக்காயம்போலச் சிராய்க்கும். முன்விளிம்பை மேலே மடித்துப் பிடியுங்கள், கால்கள் சாக்குக்குள் இருக்கட்டும். வேகம் கூடும்போது கையை ஊன்றி நிறுத்தப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு, முழங்கை தோலுரிவது அப்படித்தான். பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போட்டு அழைத்துப் போங்கள்.