ஆள் வந்தால்தான் கட்டடம் பிழைக்கும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘ரயில் நிற்காத பழைய நிலையத்தைப் பூட்டிக் காப்பதா, மக்களுக்குத் திறந்துவிடுவதா’ என்பது தலைப்பு. திறந்துவிட வேண்டும் என்ற அணிக்காகப் பேசுகிறேன். ஊர் ஊராகச் சுற்றாமல் ஒரே ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்கிறேன்.

டோக்கியோவின் உவேனோ பூங்காவை ஒட்டி, பூமிக்கடியில் இருக்கிறது ஹகுபுத்சுகன்-தோபுத்சுவென் நிலையம். அருங்காட்சியகத்துக்கும் உயிரியல் பூங்காவுக்கும் போகிறவர்கள் இறங்குவதற்காகக் கெய்செய் ரயில் நிறுவனம் 1933-ல் திறந்தது. நிலம் அரச குடும்பத்துடையது. பேரரசரின் ஒப்புதல் வாங்கித்தான் அங்கே கட்ட முடிந்தது. அதனால்தான் இத்தனை சின்ன நிலையத்துக்கு அத்தனை கம்பீரம்: வாசலில் தூண்கள், மேலே படிப்படியாக உயரும் கூரை, உள்ளே நுழைந்தால் தலைக்கு மேல் குவிமாடம். அருங்காட்சியகத்துக்குப் போகிற சாதாரணப் பயணி அந்தக் குவிமாடத்தின் கீழ் நடந்துதான் போனார். கீழே இறங்கினால் சுவரில் பெங்குயின்களும் யானையும். பக்கத்துக் கலைப் பல்கலைக்கழக மாணவர் தீட்டிய ஓவியங்கள் அவை.

எதிரணித் தலைவர், ‘கூட்டம் இல்லாததால் மூடினார்கள், மக்கள் கைவிட்டதை மக்களுக்கே ஏன் காட்ட வேண்டும்’ என்று கேட்டார். ஐயா, அந்த நடைமேடையின் நீளத்தைப் பாருங்கள். 4 பெட்டிக்குத்தான் இடம். வண்டிகள் 6 பெட்டி, 8 பெட்டி என்று நீண்ட பிறகு பெரும்பாலான ரயில்கள் நிற்காமலே போயின. நிற்காத ரயிலில் மக்கள் எப்படி ஏறுவார்கள்? 1997-ல் சேவை நின்றது. 2004-ல் நிலையத்தையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இதை மக்கள் கைவிட்டதாக எழுதுவது நியாயமே இல்லை.

அடுத்து, ஆபத்து என்றார்கள். சரி, அந்தக் கவலை எனக்கும் உண்டு. நாரிதா விமான நிலையத்துக்குப் போகும் ரயில்கள் இன்றும் அந்த நடைமேடையைக் கடந்துதான் ஓடுகின்றன. ஆனால் 2018-ல் என்ன செய்தார்கள்? ஏப்ரலில் டோக்கியோ பெருநகர அரசு அதை வரலாற்றுக் கட்டடமாகத் தேர்ந்தெடுத்தது. நவம்பரில் கண்காட்சி வைத்து மக்களை உள்ளே விட்டார்கள். மேல் மண்டபமும் படிக்கட்டில் ஒரு பகுதியும் மட்டும்தான், நடைமேடைக்கு அனுமதி இல்லை. ரயிலும் ஓடியது, மக்களும் பார்த்தார்கள்.

நடுவர் அவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 21 வருடம் பூட்டு தொங்கிய அந்தக் கட்டடத்தைச் சுத்தம் செய்து, சீர்படுத்தி, புதுக் கதவு போட்டது எப்போது? மக்கள் வரப்போகிறார்கள் என்று முடிவான பிறகு! பூட்டு அந்தக் குவிமாடத்துக்கு ஒரு கை சுண்ணாம்புகூடப் பூசவில்லை. எங்கள் வாதத்தின் உயிரே இதுதான்.

ரயிலை மறுபடி நிறுத்தச் சொல்லவில்லை. 900 மீட்டரில் கெய்செய் உவேனோ நிலையம் இருக்கிறது, அது போதும். எப்போதாவது ஒரு கண்காட்சிக்குத் திறந்துவிட்டு அப்புறம் இழுத்துச் சாத்தாமல், மாதத்தில் சில நாட்களை முன்கூட்டியே அறிவித்து, அளவோடு ஆட்களை விடுங்கள். படிக்கட்டுவரை போதும். இதற்குச் சாதகமாகத் தீர்ப்பு தாருங்கள், நடுவர் அவர்களே. நன்றி.