இருபது பவுண்டுக்கு மேல் கூடாது

அவையோர்க்கு வணக்கம்.

இரண்டாம் உலகப்போரில் வென்ற இங்கிலாந்துக்கு மிஞ்சியவை பங்கீட்டு அட்டையும் நிலக்கரித் தட்டுப்பாடும்தான். சனிக்கிழமைப் பிற்பகலில் கால்பந்தாட்டம் பார்ப்பது உழைக்கும் மக்களுக்குக் கிடைத்த சில மகிழ்ச்சிகளில் ஒன்று. 1948-49 பருவத்தில் 88 கழகங்களின் லீக் ஆட்டங்களைக் காண வந்தோர் எண்ணிக்கை 4 கோடியைத் தாண்டியது.

இத்தனை பேர் கொடுத்த காசு எங்கே போயிற்று? பார்வையாளரின் பாதுகாப்புக்குப் போகவில்லை. 1946 மார்ச் 9 அன்று போல்டன் நகரின் பர்ண்டன் பார்க் மைதானத்தில், அளவுக்கு மீறித் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் 33 பேர் இறந்தார்கள். உடல்களை மைதானத்தின் ஓரத்தில் கிடத்தி, மரத்தூளால் புதிய எல்லைக்கோடு இழுத்து, அரை மணி நேரத்திற்குள் ஆட்டத்தை மீண்டும் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கோட்டுக்கு இப்பால் ஓடியவர்களில், இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரரான ஸ்டான்லி மேத்யூஸும் ஒருவர்.

ஆட்டக்காரர்களின் பைக்கும் அது போகவில்லை. 1901இல் வாரம் 4 பவுண்டு என்று தொடங்கிய ஊதிய உச்சவரம்பு, அரைநூற்றாண்டுக்கு மேல் கழிந்து 1958இல்தான் 20 பவுண்டை எட்டியது. தேர்ந்த ஓர் ஆலைத் தொழிலாளியின் கூலியைவிட அது பெரிதாக உயர்ந்ததன்று. உச்சவரம்பைவிடக் கொடியது இன்னொரு விதி. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரின் பதிவைக் கழகம் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அது விடுவிக்கும்வரை வேறெந்த லீக் கழகத்துக்கும் அவர் ஆட முடியாது. 1952இல் பிரெஸ்டன் கழகத்தின் டாம் ஃபின்னிக்கு இத்தாலியின் பலேர்மோ கழகம், கையெழுத்திடுவதற்கு மட்டும் 10,000 பவுண்டு தர முன்வந்தது. பிரெஸ்டன் மறுத்துவிட்டது. இங்கிலாந்து அணியின் நட்சத்திரமான அவர், குழாய்ப் பணித் தொழிலையும் விடாமல் செய்துவந்தவர்; 1960இல், உச்சவரம்பு நீங்குவதற்கு முந்தைய ஆண்டில், ஓய்வு பெற்றார்.

ஆட்டக்காரர் சங்கத்துக்கு 1957இல் தலைவரான ஜிம்மி ஹில் நல்ல பேச்சாளர். பத்திரிகைக்காரர்களைக் கையாளத் தெரிந்தவர். ஆனால் அவருடைய பேச்சைவிட, உச்சவரம்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யலாமா என்று பேசக் கூடிய மான்செஸ்டர் கூட்டத்தில், போல்டன் கழகத்தின் தடுப்பாட்டக்காரர் டாமி பேங்க்ஸ் கொடுத்த பதிலைத்தான் இன்றும் நினைவுகூர்கிறார்கள். சுரங்கத்தில் பாடுபடும் தன் தந்தைக்கு இதைவிடக் குறைந்த கூலிதான் என்று ஓர் இளம் ஆட்டக்காரர் தயங்கியபோது, உன் தந்தையின் வேலையை நான் பார்க்கிறேன், ஆனால் அவர் நிலக்கரி வெட்டுவதைக் காண ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்து வருவதில்லை, மேத்யூஸை ஒருவன் தடுப்பதைக் காணத்தான் வருகிறார்கள் என்னும் பொருளில் பேங்க்ஸ் எழுந்து பேசினாராம். மேத்யூஸைத் தடுப்பது என்னவென்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியும்: 1953 கோப்பை இறுதியாட்டத்தில், கால்தசை பிடித்துக்கொள்ள, அவரிடம் திண்டாடியவர் டாமியின் அண்ணன் ரால்ஃப்!

1961 ஜனவரி 21இல் வேலைநிறுத்தம் என்று அறிவிப்பு வந்தது. 18ஆம் தேதியே கழகங்கள் இறங்கிவந்தன. உச்சவரம்பு ஒழிந்தது. ஃபுல்ஹாமின் ஜானி ஹேய்ன்ஸ் வாரம் 100 பவுண்டு பெற்றார். எல்லோரும் இந்தத் தொகையையே பேசுகிறார்கள். என் மனம் போவது ஜார்ஜ் ஈஸ்ட்ஹாமிடம்தான். நியூகாசில் விடுவிக்க மறுத்ததால் ஆடாமல் நின்று, வேறு வேலை பார்த்து, 1960 இறுதியில் ஆர்சனலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகும், நியூகாசில்மீது தொடுத்த வழக்கை, சங்கத்தின் துணையோடு அவர் விடாமல் நடத்தினார். தனக்கென்று அவருக்கு அதில் பெரிதாக ஆகவேண்டியது ஒன்றுமில்லை. பிடித்துவைக்கும் அந்த விதி, தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார்.

எனினும் ஒப்பந்தம் முடிந்து வெளியேறும் ஆட்டக்காரருக்கு விலை கேட்கும் வழக்கம் அந்தத் தீர்ப்போடு மறையவில்லை. அதை ஐரோப்பிய நீதிமன்றம் செல்லாதென்று சொன்னது, பெல்ஜிய ஆட்டக்காரர் போஸ்மான் தொடுத்த வழக்கில், 1995இல்.