கல் நடாத எல்லை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். முப்பத்தொரு வருடம் நகராட்சிகளில் நகரமைப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். மனைப்பிரிவு வரைபடத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு, வயல் வரப்பில் எல்லைக்கல் தேடியே பாதிக் காலம் போனது. ஓய்வு பெற்றால் விடுமா? மகள் வீட்டுக்கு என்று அமெரிக்கா போன இடத்திலும் கல் தேடினேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மகள் இருப்பது ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகருக்கு மேற்கே. கணினிச் சிப் செய்யும் இன்டெல் ஆலைகள் அந்தப் பக்கம் இருப்பதால் நம் ஆட்களும் நிறைய. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை காரில் போகிறோம். சாலைக்கு இடப்பக்கம் வரிசையாக வீடுகள், கையை நீட்டினால் பக்கத்து வீட்டு ஜன்னலைத் தொடலாம். வலப்பக்கம் ஒரு வீடு கிடையாது. ஹேசல்நட் என்ற கொட்டை மரத் தோப்பு, அது முடிந்தால் புல்வெளி, மறுபடியும் தோப்பு. அமெரிக்காவில் விளையும் ஹேசல்நட் ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரு மாநிலத்திலிருந்துதான் வருகிறது. நான் நம் ஊர் வழக்கப்படி கேட்டேன்: “அந்தப் பக்கம் ஏதாவது கேஸ் நடக்குதா மாப்பிள்ளை?” அவர் சிரித்துவிட்டார். “கேஸெல்லாம் இல்லை மாமா, ஊரு இங்கேயே முடிஞ்சிடுது.”

ஊர் முடிகிறதா! வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இறங்கிவிட்டேன். வீடுகள் இருக்கும் பக்கம் நடைபாதை, அதன் விளிம்பில் ஒழுங்காகக் கட்டிய கல், மழைநீர் இறங்க இரும்புச் சல்லடை, இருபதடிக்கு ஒரு மரம், தெருவிளக்கு. எதிர்ப்பக்கம் இதில் ஒன்றுமே இல்லை. தார் முடிந்த இடத்தில் புல், புல்லுக்கு அப்பால் ஒரு பள்ளவாய்க்கால், அதில் தேங்கிய மழைத்தண்ணீர். ரோடு ஒன்றுதான், ஆனால் ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் கிராமம். சரி, எல்லைக்கல் எங்கே? குனிந்து புல்லை விலக்கி ஐம்பதடி தூரம் நடந்து பார்த்தேன். கல்லே இல்லை. யாராவது போலீஸுக்குப் போன் போட்டுவிடுவார்களோ என்று மாப்பிள்ளைக்கு ஒரே சங்கடம்.

கோடு காகிதத்தில் இருக்கிறது. அர்பன் குரோத் பவுண்டரி என்கிறார்கள். நாம் நகர வளர்ச்சி எல்லை என்று வைத்துக்கொள்வோம். நகராட்சி எல்லை வேறு, இது வேறு. நகராட்சி எல்லை, வரியை யாருக்குக் கட்ட வேண்டும் என்று சொல்லும். இந்த எல்லை, ஊர் எதுவரைக்கும் வரலாம் என்று சொல்லும்.

இதற்கான சட்டம் 1973-ல் வந்தது. மாநில செனட்டில் அதை முன்னின்று எழுதியவர் ஹெக்டர் மெக்ஃபர்சன் என்ற பால் பண்ணைக்காரர். மாடு கறக்கும் மனிதருக்கு ஓரிகனின் வில்லாமெட் பள்ளத்தாக்கின் நல்ல மண்ணில் மனை மனையாகக் கல் நடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவருக்குத் துணை நின்றவர் ஆளுநர் டாம் மெக்கால். இந்த மெக்கால் யார் தெரியுமா? ஆளுநர் ஆவதற்கு முன் ரேடியோவில் செய்தி வாசித்தவர்! வில்லாமெட் ஆறு சாக்கடையாகிக் கிடந்ததை 1962-ல் தொலைக்காட்சியில் படமாக்கிக் காட்டியவரும் அவர்தான். நிலையத்தில் இருப்பவர்களும் காது கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் சொல்வது இதுதான். சின்ன ஊரோ பெரிய ஊரோ, ஒவ்வொரு நகரமும் இருபது வருடத் தேவையைக் கணக்கிட்டுக் கோடு போட வேண்டும். எத்தனை பேர் வருவார்கள் என்பதை ஊர்க்காரர்கள் இஷ்டத்துக்கு ஊதிச் சொல்ல முடியாது, போர்ட்லாந்து வட்டாரம் நீங்கலாக மற்ற ஊர்களுக்கு அந்த எண்ணை போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகம் கொடுக்கிறது. கோட்டைத் தள்ளிப்போட வேண்டுமா? முதலில் உள்ளே இருக்கும் காலி இடம் போதாது என்று நகர்மன்றம் காட்ட வேண்டும். அப்படியே தள்ளினாலும், நன்றாக விளையும் நிலத்தைக் கடைசியில்தான் தொடலாம்.

நம்மிடம் முதலில் மஞ்சள் கல் வரும். அப்புறம் வீடு, அப்புறம் மனு. ரோடு வந்து, குழாய் வந்து, குழாயில் தண்ணீர் வருவதற்குள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டபோது தவித்தவர்கள் இப்போதும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அதற்காக, கோடு போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கோடு போடுவது சுலபம். கோட்டுக்குள் குழாய் போடுவதுதான் நகர்மன்றத்தின் வேலை. இதைத் திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து சொல்லப்போகும் ஊர் மாட்டிக்கொண்டதே இதில்தான்.

சாண்டி என்று ஓர் ஊர். போர்ட்லாந்திலிருந்து ஹூட் மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை பன்னிரண்டாயிரத்துச் சொச்சம், நம் பேரூராட்சி அளவுதான். மேயரும் ஆறு கவுன்சிலர்களும். கோடு இருக்கிறது, கோட்டுக்குள் இடமும் இருக்கிறது. ஆனால் கழிவுநீர் நிலையம் தாங்கவில்லை. காரணம் வீடுகள் மட்டுமல்ல, மழை! அங்கே குளிர்காலம்தான் மழைக்காலம். பழைய சாக்கடைக் குழாய்களின் விரிசல் வழியே மழைநீர் உள்ளே புகுந்து, நிலையத்துக்கு வரும் தண்ணீர் பல மடங்காகிவிடுகிறது. கோடையில் சுத்திகரித்த நீரை ஒரு நாற்றுப்பண்ணை வாங்கிக்கொள்கிறது, குளிர்காலத்தில் அது ஓடையில்தான் போக வேண்டும். கடைசியில் 2022-ல் மன்றமே புதுக் கட்டுமானத்தை நிறுத்தி வைத்தது. மனைக்காரர்கள் கோபிப்பார்கள், வரி வருமானம் குறையும், எல்லாம் தெரிந்தும் நிறுத்தினார்கள். பூமிக்கடியில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு கை தூக்கிய மன்றத்துக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன். நான் வேலை பார்த்த ஓர் ஊரில் மேன்ஹோல் எங்கெங்கே இருக்கிறது என்பது ஒரே ஒரு பிட்டருக்குத்தான் தெரியும். அவர் ஓய்வு பெற்ற மறுநாள், ரோட்டைத் தோண்டித் தோண்டித் தேடினோம்.

கோட்டுக்குக் குறையும் உண்டு. உள்ளே இடம் சுருங்கினால் விலை ஏறும், ஓரிகனில் வீட்டு வாடகை கேட்டால் தலை சுற்றுகிறது. அதனால் 2019-ல் ஒரு சட்டம் போட்டு, பத்தாயிரம் பேருக்கு மேல் உள்ள ஊர்களில் ஒற்றை வீடு கட்டும் மனையில் இரட்டை வீடும் கட்டலாம் என்றார்கள். கீழே நாம், மேலே குடித்தனம் என்று இருக்கும் நமக்கு, இதற்கெல்லாம் சட்டமா என்று தோன்றும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டே நிமிடம். தொழில்நுட்பத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும் என்று குறிப்பு எழுதி வந்தேன், கல் தேடியதில் நேரம் போய்விட்டது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே சாண்டியில் 2000-களின் தொடக்கத்தில் நகர அலுவலகத்துக்கே சரியான இணைய இணைப்பு கிடைக்கவில்லை. மன்றம் தானே இணைய சேவை நடத்தத் தொடங்கியது. முதலில் கம்பியில்லாமல், பிறகு 2014 வாக்கில் ஊர் முழுக்க ஃபைபர். சுமார் 75 லட்சம் டாலர் கடன், அதை அடைப்பது சந்தாப் பணத்தில். மாதம் 60 டாலருக்கு ஒரு கிகாபிட் வேகம் கொடுத்தார்கள், அந்தக் காலத்தில் பெரிய நகரங்களிலேயே அது அபூர்வம்.

இது எப்படிச் சாத்தியமானது என்றால், புதிதாக மனை போடுகிறவர் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் பள்ளம் தோண்டும்போதே, ஒயர் போக ஒரு வெற்றுக் குழாயையும் போட்டுவிட வேண்டும் என்று மன்றம் முன்கூட்டியே விதி வைத்திருந்தது. பள்ளம் திறந்திருக்கும்போது ஒரு குழாய்க்கு என்ன பெரிய செலவு? நம் தெருவில் போன மாதம் போட்ட ரோட்டை இந்த மாதம் யார் வெட்டுகிறார்கள் என்று... சரி, சிவப்பு விளக்கு எரிகிறது. அடுத்த முறை கூப்பிட்டால் அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். வணக்கம்.