பையை யார் அடுக்குவது?

அவையோருக்கு வணக்கம்.

பிள்ளையைச் சாரணர் குழுவில் சேர்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடணும், எப்போ வந்து கூட்டிட்டுப் போகணும்?" என்பதுதான். நீச்சல் வகுப்புக்கு இந்தக் கேள்வி போதும். இங்கே போதாது. அங்கே கற்றுத்தருகிறவருக்குச் சம்பளம் உண்டு. தன்னார்வலர் நடத்தும் சாரணர் குழுவில் யாருக்கும் கிடையாது. நீங்கள் கட்டும் சந்தாவில் ஒரு பங்கு தேசிய அமைப்புக்குப் போகும். மீதி கூடத்து வாடகை, கயிறு, முதலுதவிப் பெட்டி என்று கரைந்துவிடும்.

குழுவின் வேலையில் இரண்டு பாதி இருக்கிறது. பிள்ளைகள் முன்னால் நடப்பது ஒன்று: கொடி, விளையாட்டு, முடிச்சு, முகாம். முதுகுக்குப் பின்னால் நடப்பது மற்றொன்று: கணக்கு, படிவம், சாமான் அறை, வண்டி ஏற்பாடு. முதல் பாதிக்குப் பயிற்சி பெற்ற சாரண ஆசிரியர் வேண்டும். இரண்டாவது பாதியை எந்தப் பெற்றோரும் செய்யலாம். இரண்டும் ஒரே ஆளின் தலையில் விழுந்தால் அவர் சோர்ந்து விலகுவார், அவரோடு குழுவும் படுத்துவிடும். பிள்ளைகள் வராமல் மூடிய குழுக்களைவிட இப்படி மூடியவைதான் அதிகம் என்பது என் கணிப்பு.

வாராந்திரக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 90 நிமிடம் என்றால், கொடியேற்றமும் உறுதிமொழியும் 10, ஓடியாடும் விளையாட்டு 10, புதிதாக ஒரு திறன் 25, அந்தத் திறனை வைத்து அணிகளுக்கிடையே போட்டி 25, ஒவ்வோர் அணியும் தன் மூலையில் கூடிப் பேசுவது 10, நிறைவு 10. இருபது நிமிடம் தாமதமாக வரும் பிள்ளை விளையாட்டைத் தவறவிட்டு, உடம்பு சூடாகாமல் நேரே பாடத்தில் வந்து உட்காருகிறது. "போரடிக்குது" என்ற புகார் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

இதில் உயிர்நாடி, அணி முறை. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் சோதனை முகாமிலேயே சிறுவர்கள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் கலந்தே இருந்தார்கள். இன்றும் ஓர் அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர், அவர்களில் ஒருவர் தலைவர். 24 பிள்ளைகளை மூன்று பெரியவர்கள் தனித்தனியாக மேய்க்க முடியாது. நான்கு அணித் தலைவர்களை வழிநடத்தினால் மற்ற இருபது பேரை அந்த நால்வர் பார்த்துக்கொள்வார்கள். பன்னிரண்டு வயதுத் தலைவி சொல்லித்தரும் க்ளோவ் ஹிட்ச், அதாவது கம்பில் கயிற்றைக் கட்டும் முடிச்சு, முதல் தடவை நழுவும். ஏன் நழுவியது என்று அணியே கண்டுபிடிக்கும். அந்த நேரத்தில் சுவரோரம் நிற்கும் அப்பா, "அப்படி இல்ல, கயிற்றை இப்படிச் சுத்து" என்று குரல் கொடுத்தால் தலைவியின் பேச்சு அன்றோடு எடுபடாது. உதவிக்கு வரும் பெற்றோரை வேண்டுமென்றே தம் பிள்ளை இல்லாத அணிக்கு அனுப்புவது இதனால்தான். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பாதுகாப்பு விதியில் மட்டும் நெகிழ்வே கூடாது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மறைவில் தனித்து இருக்கக் கூடாது; முகாமில் பெரியவர்களுக்குக் கூடாரம் தனி; பிள்ளைக்கு அனுப்பும் கைபேசிச் செய்தியில் பெற்றோரும் இருக்க வேண்டும். உதவிக்கு வருவதாகச் சொன்ன இரண்டாவது பெரியவர் கடைசி நேரத்தில் வரவில்லையென்றால் அன்றைய கூட்டமே ரத்து. "வரேன்" என்று சொல்லிவிட்டு வராமல் போவதன் விலை இது.

இனி முகாம். பணத்திலிருந்து தொடங்குவோம். இட வாடகையும் வண்டிக் கூலியும் எத்தனை பேர் வந்தாலும் மாறாதவை. சாப்பாடு தலைக்கு இவ்வளவு என்று வருவது. முப்பது பேர் பெயர் கொடுத்தால், மாறாத செலவை இருபத்துநான்கால் வகுத்துத்தான் கட்டணம் வைக்க வேண்டும். முப்பதால் வகுத்துவிட்டு, காய்ச்சல், தேர்வு, கல்யாணம் என்று ஆறு பேர் நின்றுவிட்டால் குழு கடனில் விழும். முன்பணம் திரும்பத் தரப்படாது என்று பொருளாளர் சொல்லும்போது அவர்மேல் கோபப்படாதீர்கள். குழுவின் வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து இருக்கிறதா, ஆண்டுக்கொரு முறை வெளியாள் ஒருவர் கணக்கைப் பார்க்கிறாரா என்று தாராளமாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

உடல்நலப் படிவத்தை ஒவ்வொரு முகாமுக்கும் புதிதாக நிரப்புங்கள். போன வருடத்துப் படிவத்தில் இருப்பது போன வருடத்து மருந்தளவு. மாத்திரையை அதன் சொந்த அட்டையிலேயே, பெயரும் வேளையும் எழுதி முதலுதவியாளரிடம் கொடுங்கள். ஆஸ்துமா இன்ஹேலர் மட்டும் பூட்டிய பெட்டிக்குள் போகக் கூடாது. பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். படுக்கை நனைப்பது, தூக்கத்தில் நடப்பது போன்றவற்றை வெட்கப்பட்டு மறைப்பவர்கள் உண்டு. முன்பே சொன்னால் ஆசிரியர் யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிடுவார். சொல்லாவிட்டால் விடிந்ததும் கூடாரம் முழுக்கத் தெரிந்துவிடும்.

இப்போது பை. அதை அடுக்க வேண்டியது பிள்ளை. நீங்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், போதும். தூக்கப் பை அடியில், நாளுக்கொரு பிளாஸ்டிக் உறையில் மாற்றுடை அதன்மேல், மழைக் கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே, டார்ச் பக்கவாட்டுப் பையில். தோளில் சுமந்து நடப்பதானால் மொத்த எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 35 கிலோ பிள்ளைக்கு 7 கிலோ. அம்மா நேர்த்தியாக அடுக்கிக் கொடுத்த பையில் எது எங்கே இருக்கிறதென்று பிள்ளைக்குத் தெரியாது. நடுராத்திரி மழை பிடித்ததும் டார்ச்சைத் தேடிப் பை முழுவதையும் ஈரத் தரையில் கவிழ்க்கும். புதுச் செருப்பும் புது ஷூவும் வேண்டாம். இரண்டு வாரமாவது போட்டுப் பழகியதாக இருக்கட்டும்.

இன்னொன்று: "பிடிக்கலைன்னா போன் பண்ணு, உடனே வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். முகாமின் முதல் ராத்திரி எந்தப் பிள்ளைக்கும் வீட்டு நினைப்பு வரும். அந்த வாக்குறுதி காதில் இருந்தால் மனம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். உண்மையிலேயே கூப்பிட வேண்டிய நிலை வந்தால் ஆசிரியரே உங்களை அழைப்பார். இரவிலும் உங்கள் எண் எடுக்கும்படி இருக்கட்டும்.

முகாம் முடிந்தால் வேலை முடிந்துவிடாது. மழையில் கழற்றிய கூடாரத்தை அப்படியே சுருட்டிச் சாமான் அறையில் போட்டால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். அந்தக் கறையும் நாற்றமும் பிறகு போகாது. ஆகவே வீட்டுக்கொரு கூடாரம் என்று கொடுத்தனுப்புவோம். அன்றோ மறுநாளோ விரித்து, தையல் ஓரங்களைத் தொட்டுப் பாருங்கள். நடுத்துணி காய்ந்த பிறகும் ஈரம் அங்கேதான் தங்கும். நைலான் துணியை நாள்கணக்கில் வெயிலில் விடாதீர்கள், இழை நைந்துவிடும். ஆணிகளை மண் தட்டி எண்ணி, எண்ணிக்கையை ஒரு சீட்டில் எழுதிப் பைக்குள் வையுங்கள்.

பொறுப்புகளைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். பொருளாளர், செயலாளர், சாமான் அறைப் பொறுப்பாளர் எல்லாருக்கும் மூன்றாண்டுதான். மூன்றாம் ஆண்டில் அடுத்தவர் கூடவே இருந்து பழகுவார். வேலை என்ன, எந்த மாதத்தில் என்ன என்பதை ஒரே தாளில் எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். வாராவாரம் வர முடியாதவர்கள் கூடாரம் உலர்த்தும் பட்டியலில் பெயர் எழுதலாம். அதில் இன்னும் நான்கு இடம் காலியாக இருக்கிறது.

நன்றி.