தொட்டி இல்லாத வீடு: இன்சுலின் பம்போடு அன்றாடம்

நேயர்களுக்கு வணக்கம்.

மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிற வீட்டில், தெருக்குழாயில் தண்ணீர் நின்றுபோனது மறுநாள்தான் தெரியும். தொட்டி இல்லாத வீட்டில் அந்த நிமிடமே தெரிந்துவிடும். இன்சுலின் பம்பு மாட்டியிருப்பவரின் உடம்பு இந்த இரண்டாவது வீடு. டைப் 1 சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் நாள் முழுக்க வேலை செய்யும் நீண்டநேர இன்சுலினையும் போடுகிறார்கள். அது தோலுக்கடியில் தங்கி மெல்ல மெல்லக் கசியும் கையிருப்பு. பம்பில் போவதோ விரைவு இன்சுலின் மட்டும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை சொட்டும் சிறு அளவுதான் பேசல். சாப்பாட்டுக்கு நாம் பொத்தான் அழுத்திக் கொடுப்பது போலஸ். சொட்டுவது நின்றால் ஓரிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை ஏறும், நான்கைந்து மணி நேரத்தில் கீட்டோன், அதாவது இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலம், சேரத் தொடங்கலாம். இன்று நான் சொல்லப்போகிற பழக்கங்கள் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்திலிருந்து வந்தவை.

1960களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ஆர்னால்டு காடிஷ் செய்த முதல் பம்பை முதுகுப் பைபோல மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. 1978-ல் லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் ஜான் பிக்கப்பும் ஹாரி கீனும் தோலுக்கடியில் தொடர்ந்து இன்சுலின் செலுத்தும் முறையை வெளியிட்டார்கள். இன்றைய பம்பு சட்டைப்பைக்குள் அடங்கிவிடுகிறது. அளவு சுருங்கினாலும், தோலுக்கடியில் செருகும் மெல்லிய குழாயான கேனுலா மடங்குவது அன்றுபோலத்தான் இன்றும்.

முதலில் இன்சுலினையே பார்ப்போம். நம் ஊர் மருந்துக்கடையில் இரண்டு செறிவுகள் கிடைக்கின்றன: மில்லிலிட்டருக்கு 40 யூனிட், மில்லிலிட்டருக்கு 100 யூனிட். பம்பு 100-க்கு மட்டுமே கணக்கிடப்பட்டது. தவறிப்போய் 40 யூனிட் மருந்தை நிரப்பினால், திரையில் 10 யூனிட் என்று காட்டும்போது உடம்புக்குள் போவது 4 தான். சிரிஞ்சிலும் இதே பொறி உண்டு. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. கலங்கலாக, பால்போல இருக்கும் இன்சுலின் எதுவும் பம்புக்கு ஆகாது.

இனி செட் மாற்றுவது. டெஃப்லான் கேனுலாவும் அதைப் பம்போடு இணைக்கும் டியூபும் சேர்ந்ததுதான் இன்ஃபியூஷன் செட். வழக்கமான செட்டை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மூன்று நாளுக்கு ஒன்று என்றால் மாதத்துக்குப் பத்து. செலவைப் பார்த்து ஐந்து, ஆறு நாள் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இடம் தடித்து, இன்சுலின் சரியாக உறிஞ்சப்படாமல், கடைசியில் இன்சுலின் செலவுதான் கூடும்.

இன்சுலினைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகே, பம்புக்குள் இன்சுலினை வைத்திருக்கும் ரிசர்வாயரில் நிரப்புங்கள். சில்லென்று நிரப்பினால், சூடேறும்போது கரைந்திருந்த காற்று குமிழாகப் பிரியும். காற்று தோலுக்கடியில் போவதால் ஆபத்தில்லை. அந்த நேரத்துக்கு இன்சுலின் போகவில்லை என்பதுதான் கெடுதல். மெல்லிய டியூபில் ஓர் அங்குல நீளக் காற்று ஏறக்குறைய அரை யூனிட்டின் இடத்தைப் பிடிக்கும். மணிக்கு அரை யூனிட் பேசல் போகிற குழந்தைக்கு அது ஒரு மணி நேரப் பட்டினி. அதனால் ரிசர்வாயரின் வாய் மேலே பார்க்கும்படி பிடித்து, பேனாவால் தட்டிக் குமிழை ஏற்றி வெளியேற்றுங்கள். பிறகு டியூபை நிரப்புங்கள், ஊசி முனையில் சொட்டு தெரியும்வரை. டியூபை நிரப்பும்போது அது உடம்போடு இணைந்திருக்கவே கூடாது; பத்துப் பதினைந்து யூனிட் ஒரே மூச்சில் உள்ளே போய்விடும். கேனுலாவைக் குத்திய பிறகு அதற்குள் இருக்கும் வெற்றிடத்துக்குத் தனி அளவு உண்டு. சில செட்டுகளில் 6 மில்லிமீட்டர் கேனுலாவுக்கு 0.3 யூனிட், 9 மில்லிமீட்டருக்கு 0.5. உங்கள் செட்டின் அளவை அதன் கையேட்டில் பாருங்கள்.

எங்கே குத்துவது? தொப்புளிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி. உள்பாவாடை நாடா, வேட்டி பெல்ட் அழுத்தும் கோட்டில் வேண்டாம். எண்ணெய்க் குளியல் வழக்கம் உள்ள வீடுகளுக்கு ஒரு யோசனை: செட் மாற்றும் நாளையே எண்ணெய் தேய்க்கும் நாளாக்கிக்கொள்ளுங்கள். சீயக்காய் போட்டு எண்ணெய் போகக் குளித்து, நன்றாகத் துடைத்து, புதுச் செட்டைப் போடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கிலும் பவுடரிலும் எந்தப் பசையும் நிற்காது. குளிக்கவென்று பம்பைக் கழற்றினாலும் ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப மாட்டிவிட வேண்டும்.

மாற்றும் நேரத்தைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், படுக்கப்போகும்போது வேண்டாம். கேனுலா மடங்கியிருந்தால் பகலில் கண்டுபிடித்துவிடலாம். மாற்றி இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். பம்பு அடைப்பு எச்சரிக்கை தருமே என்பீர்கள். தரும், ஆனால் அது குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் மட்டுமே. பேசல் குறைவாக இருந்தால் அழுத்தம் ஏறவே பல மணி நேரம் ஆகும். கேனுலா வெளியே வந்து இன்சுலின் துணியில் கசிந்தால் அழுத்தமே இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அங்கே உங்கள் மூக்குதான் கருவி. ஒட்டியிருக்கும் இடம் ஈரமாகி, ஆஸ்பத்திரி வாடை அடித்தால் இன்சுலின் ஒழுகுகிறது என்று பொருள்.

காரணம் தெரியாமல் சர்க்கரை 250-ஐத் தாண்டினால் கீட்டோனைப் பாருங்கள். இரத்தக் கீட்டோன் 0.6-க்குக் கீழே இருந்தால் பம்பிலேயே ஒரு திருத்த போலஸ் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். இறங்கவில்லையென்றால், அல்லது முதலிலேயே கீட்டோன் 0.6-ஐத் தாண்டியிருந்தால், அந்தக் குழாயை நம்பாதீர்கள். திருத்த அளவை இன்சுலின் பேனாவிலோ சிரிஞ்சிலோ ஊசியாகப் போட்டுக்கொண்டு, செட், ரிசர்வாயர் இரண்டையும் புதிதாக மாற்றுங்கள். தண்ணீர் குடியுங்கள். 1.5-ஐத் தாண்டினால் மருத்துவரை அழைக்க வேண்டும். 3-ஐத் தொட்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

உடம்பில் மாட்டிச் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரோடு சேர்ந்து பேசலைத் தானே கூட்டிக் குறைக்கும் புதிய பம்புகளிலும் இதிலிருந்து தப்ப முடியாது. கேனுலா கழன்றது அந்தக் கணக்குக்குத் தெரியாது. சர்க்கரை ஏறுகிறதே என்று மேலும் மேலும் தள்ளும், எல்லாம் உடம்புக்குள் போய்விட்டதாக எழுதியும் வைத்துக்கொள்ளும். நீங்கள் பேனாவில் போட்ட ஊசியும் அதற்குத் தெரியாது. எனவே ஊசி போட்ட பிறகு சில மணி நேரம் தானியங்கி முறையை நிறுத்திவைப்பது நல்லது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடுவதற்கு முன்பும் உங்கள் சென்சாரின் கையேட்டைப் பாருங்கள். சில சென்சார்கள் அந்த மாத்திரையால் இல்லாத சர்க்கரையைக் காட்டும். பம்பு அதை நம்பி இன்சுலினைக் கூட்டிவிடும்.

சாப்பாட்டுக் கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒருவருக்கு நாளுக்கு 40 யூனிட் தேவை என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான தோராய விதிப்படி 500-ஐ 40-ஆல் வகுத்தால் 12.5, ஏறக்குறைய 12 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட். திருத்த எண்ணுக்கு 1800-ஐ 40-ஆல் வகுத்தால் 45. ஒரு யூனிட் சர்க்கரையை 45 புள்ளி இறக்கும். இவை தொடக்க எண்கள்தான், மருத்துவரோடு சேர்ந்து சரிசெய்ய வேண்டியவை. வடித்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. 200 கிராம் சோற்றுக்கு 56 கிராம், அதாவது நாலே முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. கரண்டிக் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும். முதல் ஒரு மாதம் சமையலறைத் தராசு வைத்து நிறுத்துப் பாருங்கள், பிறகு கண்ணே அளந்துவிடும். சாப்பிடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு போலஸ் கொடுங்கள். நெய்ப்பொங்கல், பரோட்டா, பிரியாணி வேறு கதை. கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் மொத்தமும் முதலிலேயே போனால் ஒரு மணி நேரத்தில் தாழ்ந்து, மூன்று மணி நேரத்தில் ஏறும். பாதிக்குச் சற்று மேல் உடனே, மிச்சம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு என்று பிரித்துக் கொடுக்கும் வசதி பல பம்புகளில் இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை!

சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் எண் 220 என்று காட்டினால் பதறி இன்னொரு போலஸ் போடுவதுதான் தாழ்சர்க்கரைக்கு நேர்வழி. முந்தைய போலஸ் மூன்று நான்கு மணி நேரம் வேலை செய்யும். மிச்சம் எவ்வளவு என்பதைப் பம்பே காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கத்திரி வெயிலில் பம்பைச் சட்டைக்கு உள்பக்கம் வையுங்கள். உள்ளே இருக்கும் இன்சுலின் 37 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் கெட்டுவிடும். கூடுதல் இன்சுலின் குப்பியை ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் வைத்துவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள்.

எம்ஆர்ஐ அறைக்குள் பம்பு போகவே கூடாது. எக்ஸ்ரே, சிடி ஸ்கேனுக்கும் கழற்றிவிடுங்கள்.

பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு முழு செட், ரிசர்வாயர், பேட்டரி, குளுக்கோமீட்டர், விரைவு இன்சுலின் பேனா, 15 கிராம் குளுக்கோஸ். வீட்டில் ஒரு நீண்டநேர இன்சுலின் பேனாவும். கூடவே ஒரு தாள். பம்பு செத்துப்போனால் உங்கள் பேசல் அளவுகளும் அதோடு போய்விடும். மணிவாரியாகப் பேசல், மாவுச்சத்து விகிதம், திருத்த எண், நாளின் மொத்தப் பேசல் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பம்பு இல்லாத நாளுக்கு எத்தனை யூனிட் நீண்டநேர இன்சுலின் என்பதை மருத்துவரிடம் இப்போதே கேட்டு அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஊசி உடம்பில் ஒரு நாள் நிற்கும். புதுப் பம்பு வந்ததும் அவசரப்பட்டு முழுப் பேசலை ஓடவிட்டால் இரண்டும் சேர்ந்து சர்க்கரையைத் தாழ்த்திவிடும். எப்போது ஊசி போட்டீர்கள் என்ற மணியையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். நன்றி, வணக்கம்.