கதவு எண்ணே வரைபடம்: லாஸ் வேகாஸ் கையேடுகளை இ-ரீடரில் படிப்பது பற்றி

அவையோருக்கு வணக்கம்.

லாஸ் வேகாஸுக்குப் புறப்படுகிறவர்களுக்குப் பயணக் கையேட்டுப் பஞ்சமே கிடையாது. இ-ரீடர் எனப்படும் மின்நூல் வாசிப்புக் கருவியில், அதாவது கிண்டிலிலோ கோபோவிலோ, பத்துக் கையேடுகளை ஏற்றினாலும் பை கனக்காது. ஆனால் அந்தப் பத்தில் எது இன்று இருக்கிற ஊரைச் சொல்கிறது, எது இடித்துத் தள்ளிய ஊரைச் சொல்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் பெரும்பாடு. காசிக்கோ ரோமுக்கோ இருபது வருடப் பழைய கையேட்டை எடுத்துக்கொண்டு போனாலும் முக்கால்வாசி பொருந்திவிடும். லாஸ் வேகாஸில் ஐந்தாறு வருடப் பழைய கையேடு விமான நிலையத்தின் பெயரிலேயே தப்பத் தொடங்கிவிடும்.

மெக்காரன் விமான நிலையம் 2021 டிசம்பரில் ஹாரி ரீட் விமான நிலையம் ஆனது. மான்டே கார்லோ விடுதி 2018இல் பார்க் எம்ஜிஎம் ஆனது. பாலிஸ் 2022 டிசம்பரில் ஹார்ஸ்ஷூ ஆனது. ஸ்ஃபியர் என்னும் உருண்டை அரங்கம் 2023 செப்டம்பரில் திறந்தது. ஃபான்டன்புளூ விடுதி அதே ஆண்டு டிசம்பரில் திறந்தது. 1957இல் கட்டிய டிராபிகானா 2024 ஏப்ரல் 2 அன்று மூடப்பட்டு, அக்டோபர் 9 அன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. 1989இல் திறந்து அந்த ஊரின் போக்கையே மாற்றிய மிராஜ், 2024 ஜூலை 17 அன்று கதவைச் சாத்தியது.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கையேட்டின் வயதைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கும் தேதியை நம்ப முடியாது. பழைய உரைக்குப் புது அட்டை போட்டு மறுபடி ஏற்றினாலும் அங்கே புதுத் தேதிதான் தெரியும். அதனால் காசு கொடுக்கும் முன் இலவச மாதிரியைத் தரவிறக்குங்கள். நூலின் முதல் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அதில் இருக்கும். எப்படிப் போவது, எங்கே தங்குவது என்ற அத்தியாயங்கள் பெரும்பாலும் முன்னால்தான் வரும் என்பதால், நமக்கு வேண்டியது அந்த மாதிரியிலேயே கிடைத்துவிடும். தேடல் பெட்டியில் மெக்காரன் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ‘முன்னாள் மெக்காரன்’ என்று வந்தால் சரி. அதுதான் இப்போதைய பெயர் என்பதுபோல் வந்தால், அந்த வரி 2021 டிசம்பருக்கு முந்தியது. அடுத்து பாலிஸ், அடுத்து மிராஜ், அடுத்து ஸ்ஃபியர். நான்கு தேடலில் நூலின் வயது ஓராண்டு, ஈராண்டு வித்தியாசத்துக்குள் பிடிபட்டுவிடும். அச்சு நூலில் இதைச் செய்யக் கடைசிப் பக்கச் சொல்லடைவைப் புரட்ட வேண்டும். சில கையேடுகளில் அதுவும் இருக்காது. இ-ரீடர் கையேட்டுக்குச் செய்திருக்கும் பேருதவி எடைக் குறைப்பு அல்ல, இந்தத் தேடல்தான் என்பது என் உறுதியான கருத்து.

இதில் ஒரு கண்ணி உண்டு. இந்த ஊரில் பெயர்கள் சாவதில்லை, இடம் மாறுகின்றன. பழைய கையேட்டில் ஹார்ஸ்ஷூ என்று இருந்தால், அது ஃப்ரீமான்ட் தெருவில் இருந்த பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ. உலக போக்கர் தொடர் 1970இல் பிறந்தது அங்கேதான். புதிய கையேட்டின் ஹார்ஸ்ஷூ, பல கிலோமீட்டர் தெற்கே, சூதாட்ட விடுதிகள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் என்னும் சாலைப் பகுதியின் நடுவே, பாலிஸ் இருந்த கட்டடம். போக்கர் தொடரும் 2022இல் அந்தக் கட்டடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. ஹார்ட் ராக் கதையும் அப்படியே. பழைய ஹார்ட் ராக் ஸ்ட்ரிப்புக்குக் கிழக்கே தள்ளி இருந்தது. 2021இல் அது வர்ஜின் விடுதியாகத் திறந்தது. மிராஜ் நின்ற மனையில் இப்போது எழும்பிக்கொண்டிருப்பதும் ஹார்ட் ராக்தான். சஹாராவோ 2014இல் எஸ்எல்எஸ் ஆகி, 2019இல் மறுபடி சஹாரா ஆனது. ஆகவே பெயர் கிடைத்தவுடன் நின்றுவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் முகவரியையும் படியுங்கள்.

முகவரி என்றதும் வரைபடத்துக்கு வந்துவிடுகிறோம். இ-ரீடரில் கையேடு படிப்பவர்கள் முதலில் குறைப்படுவது வரைபடத்தைப் பற்றித்தான். காரணம் எளிய கணக்கு. ஆறு அங்குல இ-ரீடரின் திரை 1072க்கு 1448 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அகலம் மூன்றரை அங்குலம் சொச்சம். அச்சில் இரண்டு பக்கம் விரித்துப் போட்ட வரைபடம் பத்து அங்குல அகலம் என்று வையுங்கள். அதை இந்தத் திரைக்குள் அடக்கினால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். ஏழு பாயிண்டில் அச்சான தெருப் பெயர் இரண்டரை பாயிண்டாகச் சுருங்குகிறது. அந்த அளவில் ஆங்கிலச் சிறிய எழுத்தின் உடம்புக்கு ஐந்து புள்ளி உயரம்தான் கிடைக்கும். அதைக் கண்ணால் படிக்க முடியாது. பெரிதாக்கி நகர்த்தலாமே என்பீர்கள். இ-ரீடரின் திரையான மின்தாளில் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மின்னூட்டத்தால் மேலும் கீழும் இடம் மாறித்தான் படம் உருவாகிறது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அந்தத் துகள்கள் மறுபடி இடம் மாற வேண்டும். திரை சிமிட்டும், பழைய கோடுகளின் நிழல் தங்கும், விரல் போன இடத்துக்குப் படம் பிந்தித்தான் வரும். தெருமுனையில் நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை அது.

ஆனால் ஸ்ட்ரிப்புக்கு வரைபடமே தேவையில்லை. லாஸ் வேகாஸ் பூல்வார்ட் தெற்கு என்பது வடக்குத் தெற்காக ஓடும் ஒரே சாலை. சூதாட்ட விடுதிகள் நெருங்கி நிற்கும் பகுதி சுமார் 6.8 கிலோமீட்டர். கதவு எண்கள் தெற்கே பெரிதாகத் தொடங்கி வடக்கே போகப் போகக் குறைகின்றன. இரட்டைப்படை மேற்குப் பக்கம். ஒற்றைப்படை கிழக்குப் பக்கம். மாண்டலே பே 3950, லக்ஸர் 3900, எக்ஸ்காலிபர் 3850, நியூயார்க்-நியூயார்க் 3790, பார்க் எம்ஜிஎம் 3770, ஆரியா 3730, பெலாஜியோ 3600, சீசர்ஸ் பேலஸ் 3570, டிரஷர் ஐலண்ட் 3300, ரிசார்ட்ஸ் வேர்ல்ட் 3000: எல்லாம் மேற்கு. எம்ஜிஎம் கிராண்ட் 3799, பிளானட் ஹாலிவுட் 3667, பாரிஸ் 3655, ஹார்ஸ்ஷூ 3645, ஃபிளமிங்கோ 3555, ஹாராஸ் 3475, வெனிஷியன் 3355, வின் 3131, ஃபான்டன்புளூ 2777, சஹாரா 2535: எல்லாம் கிழக்கு. இரண்டு விடுதிகளின் எண் தெரிந்தால் எது வடக்கே, எது தெற்கே, சாலையைக் கடக்க வேண்டுமா என்பது மூன்றும் தெரிந்துவிடும். பழைய மிராஜின் எண் 3400. எதிர்வரிசையில் வெனிஷியன் 3355 என்பதைப் பார்த்தாலே அந்த மனை எங்கே என்று விளங்கும்.

இன்னொன்றும் இதில் அடங்குகிறது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் மோனோரயிலின் ஏழு நிலையங்களும், எம்ஜிஎம் கிராண்டிலிருந்து சஹாரா வரை, ஸ்ட்ரிப்புக்குக் கிழக்கேதான். ஒற்றைப்படை எண் விடுதியில் தங்குகிறவருக்கு அது உதவும். இரட்டைப்படையில் தங்குகிறவர் சாலையைக் கடந்து, எதிர்ப்பக்க விடுதியின் முன்வாசலில் நுழைந்து, சூதாட்டக் கூடத்தைத் தாண்டிப் பின்பக்கம் போனால்தான் நிலையம். சாலைக் கடவைகள் பெரும்பாலும் மேம்பாலங்கள் என்பதால் படியோ எஸ்கலேட்டரோ ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்துக்கு மோனோரயில் போவதில்லை.

அடுத்து அட்டவணைகள். பிளாக்ஜாக் என்னும் சீட்டாட்டத்தில் எந்தக் கைக்கு என்ன செய்வது என்று சொல்லும் அடிப்படை உத்தி அட்டவணையை ஆட்டப் பகுதி உள்ள கையேடுகளில் அநேகமாகப் பார்க்கலாம். சீட்டு வாங்கு என்பதற்குப் பச்சை, நில் என்பதற்குச் சிவப்பு என்று வண்ணத்தில் போடுவது வழக்கம். கறுப்பு வெள்ளைத் திரையில் அந்தப் பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பல் ஆகிவிடும். கலிடோ வகை வண்ண மின்தாளில் வித்தியாசம் தெரியும். ஆனால் அதிலும் வண்ணப் பகுதிக்கு அங்குலத்துக்கு 150 புள்ளிதான். எழுத்துக்குக் கிடைக்கும் 300 கிடைக்காது. கட்டத்துக்குள் எழுத்துக் குறியும் போட்டிருக்கிற நூலாகப் பார்த்து வாங்குங்கள். டீலரின், அதாவது சீட்டுப் போடும் விடுதி ஊழியரின், சீட்டுக்குப் பத்துப் பத்தி, நம் கைக்கு ஒன்று, ஆகப் பதினொரு பத்தி. எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தால் வலக்கோடிப் பத்திகள் உடைந்து அடுத்த வரிக்கு ஓடிவிடும். எழுத்தளவைக் குறைத்துக் கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் நேராகும்.

அட்டவணையை அறையில் உட்கார்ந்து படியுங்கள். கருவியை ஆட்ட மேசைக்குக் கொண்டுபோகவே கூடாது. நெவாடா சட்டத் தொகுப்பின் 465.075ஆம் பிரிவு, ஆட்டத்தின் முடிவைக் கணிக்கவோ, வந்த சீட்டுகளைக் கணக்கு வைக்கவோ, பந்தய உத்தியை ஆராயவோ கருவியைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. அதற்குச் சிறைத்தண்டனையும் உண்டு. ‘படித்துக்கொண்டுதானே இருந்தேன்’ என்று மேசையில் விளக்கம் சொல்கிற நிலைக்குப் போக வேண்டாம். அட்டையில் அச்சடித்த உத்திச் சீட்டைப் பெரும்பாலான மேசைகளில் அனுமதிக்கிறார்கள். விடுதிகளின் பரிசுப் பொருள் கடைகளிலேயே விற்கிறார்கள். காகிதம் வெல்கிற இடம் இது. இருபத்தோரு வயது நிரம்பாதவர்கள் சூதாட முடியாது என்பதையும் குடும்பத்தோடு போகிறவர்கள் நினைவில் வையுங்கள்.

கையேட்டில் எந்தப் பகுதி பழசானாலும் கெடாது? கணிதம் கெடாது. எண் சக்கரத்தைச் சுழற்றி ஆடும் ரூலெட்டில் இரண்டு பூஜ்ஜியம் இருந்தால் விடுதியின் சாதகம், அதாவது பந்தயத் தொகையில் சராசரியாக அதற்கு மிஞ்சும் பங்கு, 5.26 விழுக்காடு, ஒரு பூஜ்ஜியம் என்றால் 2.70, சில வருடங்களாகப் பரவிவரும் மூன்று பூஜ்ஜியச் சக்கரத்தில் 7.69. பிளாக்ஜாக்கில் முதல் இரண்டு சீட்டிலேயே இருபத்தொன்று வந்தால், பத்து டாலர் பந்தயத்துக்கு, மூன்றுக்கு இரண்டு மேசை 15 டாலர் தரும். ஆறுக்கு ஐந்து மேசை 12 டாலர் தரும். இந்த ஒரு விதி மாற்றமே விடுதியின் சாதகத்தை ஏறக்குறைய 1.4 விழுக்காடு கூட்டுகிறது. மணிக்கு எழுபது ஆட்டம் என்று வைத்தால், பத்து டாலர் ஆட்டக்காரருக்கு மணிக்குப் பத்து டாலர் அளவுக்குக் கூடுதல் செலவு. எந்த விடுதியில் எந்த விதி என்பது மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். அதைக் கையேட்டில் தேடாதீர்கள். மேசை விரிப்பிலேயே அச்சடித்திருப்பார்கள், படித்துவிட்டு உட்காருங்கள்.

சீக்கிரம் கெடுவது விலை. பழைய கையேட்டில் அறை வாடகை என்று போட்டிருக்கும் தொகையில், வாடகைக்கு மேல் விடுதி கட்டாயமாக வாங்கும் ரிசார்ட் கட்டணம் சேர்ந்திருக்காது. ஸ்ட்ரிப்பில் 13 விழுக்காட்டைத் தாண்டும் அறை வரியும் சேர்ந்திருக்காது. அந்த வரி ரிசார்ட் கட்டணத்துக்கும் உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி 2025 மே 12 முதல் நடப்புக்கு வந்ததால், கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த தொகையைத்தான் விளம்பரத்தில் முதலில் காட்ட வேண்டும். அதனால் கையேட்டு விலையையும் இன்று இணையத்தில் காணும் விலையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால், ஏறியதைவிட அதிகமாக ஏறியதாகத் தோன்றும்.

கருவியைப் பற்றிச் சில சொற்கள். 2024 ஜூலை 7 அன்று லாஸ் வேகாஸில் 120 பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 49 செல்சியஸ் பதிவானது. கிண்டிலை இயக்குவதற்குச் சொல்லும் மேல்வரம்பு 35 டிகிரி செல்சியஸ்தான். நிறுத்திய காரில் வைத்துவிட்டுப் போனால் முதலில் பாதிக்கப்படுவது லித்தியம் பேட்டரி. நீச்சல் குளத்தோரம் படிக்க இ-ரீடர் மிகப் பொருத்தம். வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகும்; கைப்பேசித் திரைபோல் போலரைஸ்டு கண்ணாடி வழியே பார்க்கும்போது கறுத்துப்போகாது. தண்ணீர் புகாத வகை என்றாலும் அது நன்னீரில் சோதித்த தரம். குளோரின் நீர் பட்டால் குழாய்த் தண்ணீரில் அலசித் துணியால் ஒற்றி, காய்ந்த பிறகே சார்ஜில் போடுங்கள்.

விடுதி வைஃபையை நம்பி நூல்களைக் கருவியில் இறக்காமல் இணையக் கிடங்கிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். அறை எண்ணும் குடும்பப் பெயரும் கேட்கும் நுழைவுப் பக்கம் இ-ரீடரின் எளிய உலாவியில் பல நேரம் திறக்காது. அட்டைப் படம் திரையில் தெரிவதால் நூல் உள்ளே இருக்கிறது என்று அர்த்தமில்லை. வீட்டிலேயே ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்து பாருங்கள். புதிதாக ஏற்றிய நூல்களுக்குக் கருவி உள்ளே சொல்லடைவு தயாரித்து முடித்த பிறகுதான் நூலகம் முழுவதுமான தேடல் சரியாக வேலை செய்யும். பல நூல்களை ஒன்றாக ஏற்றினால் பேட்டரியை இது குடிக்கும். ஓர் இரவு சார்ஜில் போட்டு வைத்தால் முடிந்துவிடும்.

இனி, சொந்தக் கையேடு. வாங்கிய நூல் எவ்வளவு நல்லதானாலும், பயணத்துக்கு முந்திய வாரம் நீங்களே தயாரிக்கும் பத்துப் பக்கத்துக்கு ஈடாகாது. விடுதிகளை அகர வரிசையில் போடாமல் கதவு எண் வரிசையில் போடுங்கள். ஒவ்வொரு விடுதிக்கும் எண், எந்தப் பக்கம், அருகில் எந்தக் குறுக்குச் சாலை, கட்டணம் சேர்த்த அறை விலை, வண்டி நிறுத்தக் கட்டணம், சரிபார்த்த தேதி. விடுதிப் பெயரை வேர்ட் கோப்பில் தலைப்புப் பாணியில் வைத்தால், கோவித் கோயல் 2006இல் தொடங்கிய கேலிபர் என்னும் இலவச மென்பொருள் அதை ஈபப் என்னும் மின்நூல் கோப்பாக மாற்றும்போது பொருளடக்கம் தானாக அமையும். பிடிஎஃப் வேண்டாம், சின்னத் திரையில் வரி மடங்காது. தமிழில் எழுதுகிறவர்கள் யூனிகோடில் மட்டுமே எழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை ஏற்றினால் இ-ரீடரில் அந்த எழுத்துரு இராது, வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் வரும். கிண்டிலுக்கு அனுப்பும் சேவை இப்போது ஈபப்பை நேரடியாக ஏற்கிறது. பழைய மின்நூல் வடிவமான மோபி கோப்பை ஏற்பதில்லை. கோப்பின் முதல் வரியில் தயாரித்த நாளைப் போடுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் கேட்டால் கோப்பை அப்படியே அனுப்பாமல், விலைப் பத்தியை வெறுமையாக்கி, கதவு எண்களை மட்டும் விட்டு அனுப்புங்கள்.