கொல்லர் லாடம் மட்டும்தான் அடித்தாரா?

"அமெரிக்கக் குடியேற்றக் காலத்தில் கொல்லர்கள் குதிரைக்கு லாடம் அடிப்பதைத் தவிர வேறென்ன செய்தார்கள்?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். லாடமும் அடித்தார்கள், ஆனால் அவர்களுடைய நாளின் பெரும்பகுதி தேய்ந்ததையும் உடைந்ததையும் சரிசெய்வதிலேயே கழிந்தது. 1607இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் குடியேற வந்து இறங்கிய ஆங்கிலேயரின் முதல் கூட்டத்திலேயே ஜேம்ஸ் ரீட் என்ற கொல்லர் ஒருவர் இருந்தார்.

இரும்பு அங்கே கிடைத்தற்கரிய பொருள். வர்ஜீனியாவில் நிலத்தைக் கைவிட்டு வேறிடம் போனவர்கள், ஆணிகளைப் பொறுக்கி எடுத்துச் செல்வதற்காகவே தங்கள் பழைய வீட்டைக் கொளுத்தினார்கள். 1645 வாக்கில் அங்கே இதைத் தடுக்கச் சட்டம் வந்தது. அந்த வீட்டில் எத்தனை ஆணிகள் இருக்கும் என்று நடுநிலையான இருவர் மதிப்பிட, அத்தனை ஆணிகள் உரியவருக்குத் தரப்படும் என்றது அந்தச் சட்டம். ஆணிக்கே இந்த நிலை என்றால், முனை மழுங்கிய கோடரியை யார் தூக்கி எறிவார்கள்?

காட்டை வெட்டினால்தான் விளைநிலம் என்பதால் கோடரியே குடும்பத்தின் முதல் கருவி. எஃகு விலை மிகுந்தது. ஆகவே உடல் இரும்பிலும், வெட்டும் விளிம்பு மட்டும் எஃகிலும் அமைந்திருக்கும். அந்த விளிம்பு தேய்ந்துபோனால் கொல்லர் புதிய எஃகுத் துண்டைப் பற்றவைப்பார். இதை நான் மிகவும் வியக்கிறேன். துருத்தி ஊத ஊத இரும்பு சிவந்து, மஞ்சளாகி, வெண்மையாகத் தகதகக்கும். அப்போது மணலைத் தூவி, மேலே படிந்த கசடு உருகி வழிந்ததும், சில நொடிகளுக்குள் பட்டறைக்கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். சூடு குறைந்தால் ஒட்டாது. மிஞ்சினால் பொறி பறந்து இரும்பே எரிந்துபோகும். வெப்பமானி ஏதும் இல்லாமல், நிறத்தைக் கண்ணால் பார்த்தே அவர் அந்தக் கணத்தைப் பிடித்தார்.

கையில் காசு புழங்காத ஊர்களில் கூலி தானியமாகவோ, வேறு பண்டமாகவோ, உழைப்பாகவோ வரும். பாக்கி கணக்கேட்டில் ஏறும்.

தென்பகுதிப் பண்ணைகளில் இந்த வேலையைச் செய்தவர்களில் பலர் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையில் நாட், ஜார்ஜ் என்ற இரு கொல்லர்கள் அப்படித்தான் உழைத்தார்கள். அந்தப் பட்டறை அக்கம்பக்கத்தாருக்கும் கலப்பை செப்பனிட்டுக் கொடுத்தது. அதற்கு வந்த வருமானம் பண்ணை உரிமையாளரின் கணக்கில்தான் சேர்ந்தது.